சந்துக்குள் இருக்கும் கடைக்கு ஆன்லைன் கட்டுப்படியாகுமா?

ஜூன் 8, 2025 – கேள்வி

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் எங்களுக்குச் சிறிய ஜவுளிக் கடை இருக்கிறது. புள்ளி வைத்த சுங்குடியும் மற்றப் பருத்திச் சேலைகளும்தான் பிரதானம். அப்பாவும் வேலைக்கு ஒரு பையனும் பார்த்துக்கொள்கிறார்கள். பெரிய கடைகள் வந்தபிறகு வியாபாரம் பாதியாகிவிட்டது. ஆன்லைனில் போட்டால் இந்தியா முழுக்க விற்கலாம் என்கிறார் அத்தான். முகம் தெரியாதவனுக்குச் சரக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்கு அலைய என்னால் முடியாது என்கிறார் அப்பா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். எங்களைப் போன்ற கடைக்கு ஆன்லைன் கட்டுப்படியாகுமா, ஆகாதா?

ஜூன் 8, இரவு – பதில்

ஆகும். ஆனால் அத்தான் சொல்கிற காரணத்துக்காக அல்ல. அப்பா பயப்படுவதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நாளை கடையை அடைத்துவிட்டு விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒன்றை மட்டும் அப்பாவிடம் கேட்டு வையுங்கள் தம்பி: கடைக்கு வருகிறவர்களில் வெளியூர்க்காரர்கள் யார் யார், அவர்களுடைய போன் நம்பர் எதிலாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா?

ஜூன் 9

விளக்குத்தூண் பக்கம் எங்களுடையது பாத்திரக் கடை. எவர்சில்வர், பித்தளை, இரும்பு, கொஞ்சம் கல்சட்டி. ஊரே ஆன்லைன் ஆன்லைன் என்று பேசத் தொடங்கியபோது நானும் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் கணக்குத் திறந்தேன். டம்ளர், சம்படம், டிபன் கேரியர் என்று கடையில் தினமும் நகர்கிற சரக்கையெல்லாம் ஏற்றினேன். இங்கே நகர்வது அங்கேயும் நகரும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? நகரவில்லை. நான் கொள்முதல் செய்கிற விலைக்கே அதே கேரியரை அங்கே ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். அவர் உற்பத்தி நடக்கிற ஊரிலேயே கிடங்கு வைத்து, லாரி லாரியாக எடுக்கிறவர். நான் ஒரு டஜன், இரண்டு டஜன் எடுக்கிறவன்.

சரி, விலையைக் குறைத்துத்தான் பார்ப்போமே என்று கணக்குப் போட்டேன். எவர்சில்வரில் நூறு ரூபாய்க்கு விற்றால் எங்கள் கடையில் நிற்பது பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து. அதிலிருந்து தளத்தின் கமிஷன், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நிலைக் கட்டணம், எடைக்கேற்ற அனுப்புக் கூலி, அட்டைப்பெட்டி, டேப். இதற்குமேல் வாங்கியவர் வேண்டாம் என்று திருப்பினால் வந்த கூலியும் நம் தலையில். விற்க விற்க நஷ்டம் கூடுகிற வியாபாரத்தை அப்போதுதான் பார்த்தேன்.

அதே தளத்தில் இரும்புத் தோசைக்கல் மட்டும் விற்றது. விலை கம்மியும் இல்லை. ஏன் விற்றது என்று பிறகுதான் பிடிபட்டது. வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் கேள்வி கேட்டார்கள். பழக்கியதா, பழக்காததா? இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா? துருப் பிடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதானா? கிடங்கு வைத்திருப்பவருக்கு இதற்குப் பதில் சொல்ல ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எனக்கு நாள் முழுக்க இதுதான் பேச்சு. ஆகவே தம்பி, அத்தானிடம் சொல்லுங்கள்: இந்தியா முழுக்க விற்பது இருக்கட்டும், உங்கள் கடையில் எந்தச் சேலையை விற்கும்போது அப்பா அதிகம் பேச வேண்டியிருக்கிறது? ஆன்லைனில் அதைப் போடுங்கள்.

ஜூன் 9, சற்றுப் பிறகு

பேச்சு என்றதும் ஈயச் சொம்பு ஞாபகம் வருகிறது. ரசத்துக்காக வாங்குகிறார்கள். வெள்ளீயத்தில் வார்த்தது, 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் போயிற்று. கடையில் இதைச் சொல்லாமல் எங்கள் அண்ணன் சொம்பைக் கையிலேயே கொடுக்க மாட்டார். தளத்தில் விற்றபோது சொல்ல வழியில்லை. வாங்கியவரின் நம்பரை நமக்குக் காட்டுவதில்லை. பெட்டிக்குள் போட்ட சீட்டை யார் படிக்கிறார்கள்? சென்னையில் ஓர் அம்மா, புதுச் சொம்பு ஈரமாக இருக்கிறதே என்று காயவைக்க அடுப்பில் ஏற்றியிருக்கிறார். அடிப்பாகம் அடுப்பில் வழிந்து நின்ற படத்தோடு புகார் வந்தது. “தரமற்ற பொருள்” என்ற தலைப்பில்.

இப்போது ஈயச் சொம்பை எங்கள் வாட்ஸ்அப் வழியாக மட்டும்தான் விற்கிறோம். பணம் வந்தபிறகு அண்ணன் போன் செய்து இரண்டு நிமிடம் பாடம் எடுப்பார். எதிர்முனையில் சரி சரி என்றால் போதாது, திருப்பிச் சொல்லச் சொல்வார். சிலருக்குக் கோபம் வருகிறது. சொம்பு உருகவில்லை.

ஜூன் 14

கேள்வி கேட்ட தம்பி, ‘கூகுள் மேப்பில் கடை இருக்கிறது, யாரோ எப்போதோ போட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறார். அந்த யாரோவிடமிருந்து கடையை முதலில் மீட்டெடுங்கள். இது எங்கள் கடை என்று பதிவு செய்து, கூகுள் கேட்கிற சரிபார்ப்பை முடித்தால் பெயரும் நேரமும் போனும் உங்கள் கைக்கு வந்துவிடும். இதற்குக் காசு கிடையாது. காசு கேட்டு யாராவது போன் செய்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கிற கடைகளுக்கு இது மற்ற ஊர்க் கடைகளைவிட இரண்டு பங்கு முக்கியம். எங்கள் கடையின் குறி வெகுகாலம் அடுத்த சந்தில் விழுந்துகிடந்தது. மேப்பைப் பார்த்து வந்தவர்கள் அங்கே இருந்த வளையல் கடையில் விசாரித்திருக்கிறார்கள். பாவம், அவரும் சலிக்காமல் வழி சொல்லி அனுப்பினார். குறியை வாசலில் கொண்டுவந்து வைத்தேன், சந்தின் முகப்பைப் படமெடுத்துப் போட்டேன், ‘கார் உள்ளே வராது, வெளி வீதிப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வரவும்’ என்று எழுதினேன். அதன்பிறகும் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்: பார்க்கிங் இல்லையாம். திருமலை நாயக்கரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நாயக்கர் என்றதும் ஒன்று. மீனாட்சி கோயில் எதிரே அவர் கட்டிய புது மண்டபத்தில் இருந்த தையற்காரர்களும் புத்தகக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினார்களே, அப்போது நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் போடுகிறவர்கள் சல்லடமும் உருமாலும் தைக்கத் தலைமுறை தலைமுறையாகத் தேடி வந்த இடம் அது. வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள். மண்டபத்து வாசலில் நின்று, கடையைக் காணோமே என்று திகைத்தார்கள். போன் நம்பர் வைத்திருந்த தையற்காரரைத் தேடிப் பிடித்தார்கள். அட்டையும் இல்லாமல், மேப்பிலும் இல்லாமல் இருந்தவரின் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. அவர்கள் யாரும் ஆன்லைனில் ஒரு துணியும் விற்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று சொன்னதே ஒரு வருடத்து வியாபாரத்தைக் காப்பாற்றியது.

ஜூன் 15

“அப்படியானால் இது விளம்பரம்தானே, விற்பனை இல்லையே” என்று கேட்டவருக்கு: ஆமாம். கல்லாவில் விழுகிற பணத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜூன் 22

ஆன்லைனில் ஒரு கைக்குட்டை விற்றாலும் ஜிஎஸ்டி எண் கட்டாயம் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். 2023 செப்டம்பர் வரை அவர் சொல்வது சரி. அந்த வருடம் அக்டோபர் 1 முதல் விற்பனைத் தளங்களுக்கான விதி தளர்ந்துவிட்டது. பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் பதிவு வரம்புக்குள் இருந்தால் (தமிழ்நாட்டில் 40 லட்சம்), ஜிஎஸ்டி பதிவு இல்லாமலேயே ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு தளத்தில் விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற ஏற்பாடு) இருப்பவர்களுக்கும் அதே தேதியில்தான் கதவு திறந்தது, அதே நிபந்தனையோடு.

சிக்கல் மாநில எல்லையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே சரக்கு விற்றால், தளத்தின் வழியாக விற்றாலும் வாட்ஸ்அப்பில் விற்றாலும், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. கையால் கட்டிச் சாயமேற்றிய சேலைக்கு அந்தப் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று உங்கள் ஆடிட்டரை உட்கார்த்திவைத்துக் கேளுங்கள் தம்பி. அச்சுச் சேலைக்கும் அதே பதில் வரும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

தளங்கள் பிடித்துக்கொள்கிற வரியைப் பற்றியும் ஒருவர் புலம்பியிருக்கிறார். ஜிஎஸ்டிக்காகப் பிடிப்பது 2024 ஜூலை 10 முதல் ஒரு சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகிவிட்டது. வருமான வரிக்காகப் பிடிப்பது அதே வருடம் அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம். இரண்டும் போன பணம் இல்லை, கணக்குத் தாக்கல் செய்தால் வரவு வைத்துக்கொள்ளலாம். அரை சதவீதத்துக்கு அழுகிறவர் கமிஷனைப் பற்றி வாய் திறக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஜூலை 6

தம்பி போன வாரம் ஒரு நல்ல செய்தி எழுதினார்: அப்பாவிடம் ஒரு பழைய பில் புத்தகக் கட்டு இருக்கிறது, பின்பக்கத்தில் நம்பர்கள் இருக்கின்றன, சென்னை, பெங்களூரு, கோவை என்று ஊர்களும் எழுதியிருக்கின்றன. வேறு யாரும் தேடிக் கொடுக்க முடியாத மூலதனம் அது.

எங்கள் கடையில் இது சீர்ப் பட்டியல் வடிவில் இருந்தது. கல்யாணத்துக்குச் சீர்வரிசைப் பாத்திரம் எடுக்கிற வீட்டார் என்னென்ன எடுத்தார்கள் என்று அப்பா நோட்டுப் போட்டு எழுதி வைப்பார். குத்துவிளக்கு எந்த அளவு, அண்டா எத்தனை படி, பெண்ணின் பெயர், நம்பர். அந்தப் பெண்களில் பாதிப் பேர் இப்போது மதுரையில் இல்லை. அவர்களுக்குத்தான் முதலில் வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘உங்கள் சீர்ப் பாத்திரம் எடுத்த கடை’ என்று ஆரம்பித்ததால் யாரும் யாரென்று கேட்கவில்லை. ஒருவர் தன் அம்மா வாங்கின அளவிலேயே பணியாரக் கல் வேண்டும் என்றார். நோட்டில் ஏழு குழி என்று இருந்தது. அதே ஏழு குழியை எடுத்து அனுப்பினேன்.

கடைக்காரர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இந்தியாவுக்கு 2018 ஜனவரியில் வந்தது. பொருள், படம், விலை வைத்துக் கேட்டலாக் போடுகிற வசதி 2019 நவம்பரில் சேர்ந்தது. இரண்டும் இலவசம். பலர் ஏமாறுகிற இடம், ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தடவையில் அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். கடைப் பையில் நம்பரை அச்சடிப்பது போதாது. பில் போடும்போதே ‘அக்கா, நம்பரைக் கடைப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்தால் படம் வரும்’ என்று சொல்லி, அவர் சேமிக்கிறவரை சில்லறை எண்ணுகிற மாதிரி நில்லுங்கள். எங்கள் பையன் இதில் கெட்டிக்காரன்.

தினமும் ‘காலை வணக்கம்’ அனுப்பாதீர்கள். சாமி படமும் வேண்டாம். நம்பரை முடக்கிவிட்டுப் போவார்கள்.

ஜூலை 6, மறுபடியும்

ஜூன் 9 குறிப்பில் பேச வேண்டிய சரக்கைப் போடுங்கள் என்று எழுதினேன். அதை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும். பேச்சு மட்டும் இல்லை, கைவேலையும். எங்கள் கடையில் பெயர் வெட்டுவோம். பேனா அளவில் ஒரு மின் கருவி, அதன் ஊசிமுனை ர்ர்ரென்று துடிக்கும். சொம்பை மடியில் இடுக்கிக்கொண்டு அண்ணன் புள்ளி புள்ளியாக எழுத்தைக் குத்திக்கொண்டே போவார். வளைவில் ‘ழ’ போடுவது அவருக்கு மட்டும்தான் வரும், நான் போட்டால் கோணிக்கொள்ளும். டிபன் கேரியரில் நான் விலையில் தோற்றேன் என்றேன் அல்லவா? அதே கேரியரில் தமிழில் பெயர் வெட்டித் தருகிறோம் என்று கேட்டலாக்கில் போட்டதும் என் விலைக்கே போகிறது. பேத்திக்குப் பள்ளிக்கூடக் கேரியர், புதுமனைக்குக் கொடுக்கிற குடம், இப்படி. வெட்டுவதற்குமுன் பெயரைத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பிச் சம்மதம் வாங்கிவிடுவோம். ‘கார்த்திகா’வுக்கு ‘த்’ உண்டா இல்லையா என்று ஒரு குடும்பமே விவாதித்த கதை தனி.

ஜவுளிக்கு இதற்குச் சமம் என்ன? முந்தானைக் குஞ்சம் கட்டுவது, ஃபால்ஸ் அடிப்பது, ரவிக்கை தைத்து அனுப்புவது. யோசியுங்கள்.

ஜூலை 20

ஆடித் தள்ளுபடிக்கு மத்தியில் எழுதுகிறேன், சுருக்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கப்போவதில்லை.

தம்பி அனுப்பிய சேலைப் படங்களைப் பார்த்தேன். குழல் விளக்கின் கீழே, கண்ணாடிக் காகிதத்தோடு, மடித்தபடியே எடுத்திருக்கிறார்கள். அரக்குச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிகிறது. இதைப் பார்த்து வாங்குகிறவர் வேறு நிறம் வந்துவிட்டதே என்று திருப்பி அனுப்பத்தான் செய்வார், அவர்மேல் தப்பில்லை. காலையில் வாசலுக்குக் கொண்டுவாருங்கள், வெயில் நேரே விழாத வெளிச்சத்தில் எடுங்கள். ஒரே படத்தில் உடல், கரை, முந்தானை மூன்றும் தெரிய வேண்டும்.

அப்புறம் சுங்குடியின் அந்தப் புள்ளி. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடைத்தெருவில் சுங்குடி என்ற பெயரில் தொங்குவதில் பெரும்பங்கு அச்சுத்தான். அச்சு மட்டம் என்று நான் சொல்லவில்லை, தினம் உடுத்துகிறவர்களுக்கு அந்த விலையில் அதைவிட நல்லது கிடையாது. இரண்டையும் ஒரே பெயரில் போட்டு விற்பதுதான் மட்டம். கட்டுச் சுங்குடியில் சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போட்டு, அதன்பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், துணி அங்கே லேசாகக் குமிழ்ந்திருக்கும், ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. விரலால் தடவினால் தெரியும். படத்தில் தடவ முடியாது. ஆகையால் புள்ளியைக் கிட்டத்தில் வைத்து ஒரு படம், துணியின் மறுபக்கம் ஒரு படம் என்று போடுங்கள். முடிச்சு அவிழ்க்காத சேலை உங்களிடம் இருந்தால், இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுத்து அவிழ்ப்பதைக் கால் நிமிடம் படம் பிடியுங்கள். பின்னணியில் பாட்டு வேண்டாம், முடிச்சு அவிழ்கிற சத்தமே போதும். பெரிய கடைக்காரர் நடிகையை வைத்து எடுக்கிற விளம்பரத்தில் அந்தச் சத்தம் கிடைக்காது.

முதல் சலவையில் சாயம் கொஞ்சம் விடும் என்றால், விடும் என்றே எழுதுங்கள். உப்புத் தண்ணீரில் நனைத்து, தனியாக அலசி, நிழலில் உலர்த்தச் சொல்லி எழுதுங்கள். இதைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று அப்பா கேட்டாராம். கடையில் நேரில் வருகிறவரிடம் சொல்கிறாரா, இல்லையா? அதையே எழுதச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 3

பணம். அப்பாவின் பயத்தில் பாதி நியாயம் என்றேன், அந்தப் பாதி இதுதான்.

சரக்கு வந்தபின் பணம் என்ற ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மனம் மாறி, பார்சலை வாங்காமலேயே திருப்பிவிடுகிறார்கள். போகக் கூலி, வரக் கூலி, நடுவில் சேலை எங்கோ கிடங்கில் கசங்கிக் கிடந்த நாள்கள். நோட்டில் உள்ள பழைய வாடிக்கைக்கு மட்டும் நம்பிக்கையின்பேரில் அனுப்பலாம். அப்படி அனுப்பிய எதற்கும் எங்களுக்குப் பணம் வராமல் போனதில்லை.

யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறிய செய்தியைப் பார்த்தபிறகுதான் பெட்டியை ஒட்ட வேண்டும். “நான் ராணுவத்தில் இருக்கிறேன், மொத்தமாக ஐம்பது சேலை வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்” என்று இந்தியில் போன் வரும். எங்களுக்கு அண்டாவுக்கு வந்தது. ராணுவ முகாமுக்கு விளக்குத்தூண் சந்திலிருந்துதான் அண்டா போக வேண்டுமா? பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் கேட்டாலே நம் பணம் போகிறது என்று பொருள். கைமீறிப் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். மணிக்கணக்கு இதில் முக்கியம்.

இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை. எங்கோ மோசடியில் போன பணம் கைமாறிக் கைமாறி ஒரு வாடிக்கையாளர் மூலம் உங்கள் கணக்குக்கு வந்தால், போலீஸ் விசாரணையில் உங்கள் கணக்கையும் முடக்க முடியும். ஆன்லைன் விற்பனைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். வாடகையும் பையன் சம்பளமும் போகிற கணக்கோடு கலக்காதீர்கள். பில் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள், நாளைக்கு அதுதான் பேசும்.

ஆகஸ்ட் 24

தம்பியின் கேள்வியிலிருந்து விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விளாச்சேரியிலிருந்து கொலு பொம்மை எடுத்து விற்கிற ஒருவர் கேட்டிருக்கிறார்: நவராத்திரிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, பொம்மையை எப்படி அனுப்புவது?

உடைவதைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறீர்கள். கூரியர் கட்டணத்தைப் பாருங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண், உண்மையான எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். 50, 40, 40 அளவுள்ள பெட்டிக்குள் மூன்று கிலோ காகிதக்கூழ்ப் பொம்மையை வைத்தால் 16 கிலோவுக்குப் பணம் கட்டுவீர்கள். எனக்கு இது தலைகீழ். தோசைக்கல்லுக்குப் பெட்டி சிறியது, எடை பெரியது. ஜவுளிக்காரருக்குத்தான் யோகம்: மடித்தால் மடங்கும், விழுந்தால் உடையாது, அரைக் கிலோவுக்குள் அடங்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே தம்பியின் அப்பா என்னைவிடப் பல மடங்கு சுலபமாக இதைச் செய்யலாம்.

பொம்மைக்கு: செட்டாக அனுப்பாதீர்கள். தசாவதாரம் முழுசாக வேண்டும் என்பவரை நேரில் வரச் சொல்லுங்கள், ஒற்றைப் பொம்மைகளை மட்டும் அனுப்புங்கள். கழுத்தும் கைவிரலும்தான் முதலில் போகும், அங்கே பஞ்சு வைத்துத் துணி சுற்றிவிட்டு, பிறகு முழுப் பொம்மையையும் சுற்றுங்கள். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. நான் கல்சட்டிக்கு வைக்கோல் வைக்கிறேன். நெல்பேட்டைப் பக்கம் கேட்டால் கிடைக்கும். உடைந்தால் யார் பொறுப்பு என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

செப்டம்பர் 23

நேற்று முதல் சமையல் பாத்திரங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் கேட்டலாக்கில் ஒவ்வொரு பொருளாகத் திறந்து விலை மாற்றிக்கொண்டிருக்கிறேன். கடையில் என்றால் வாயால் சொல்லிவிட்டுப் போகலாம். விலை ஏற்றும்போது உடனே மாற்றி, இறக்கும்போது மறந்துவிட்டால் வாடிக்கைக்காரர் படத்தைக் காட்டிக் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

அதிகச் சரக்கை ஏற்றாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது. எங்கள் கேட்டலாக்கில் இனிமேல் முப்பதுக்குமேல் வைப்பதாக இல்லை.

அக்டோபர் 5

ஒருவர் என்னிடம் கோபித்திருக்கிறார்: நான் சொல்வதெல்லாம் பழைய வாடிக்கையையே சுற்றுகிறதாம், புது ஆள்களைப் பிடிக்க இன்ஸ்டாகிராம் இல்லாமல் முடியாதாம். இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லையே. முடிச்சு அவிழ்ப்பதைப் படம் பிடிக்கச் சொன்னது பின்னே எதற்கு? நான் சொல்வது, அங்கே வருகிறவரை அங்கேயே விட்டுவிடாதீர்கள் என்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை வந்தது. அதில் லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களை வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கு ஒரே இரவில் எல்லாம் காலி. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது, அவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர்களின் நம்பரைத் தனியாக எழுதி வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு அடி இல்லை. ரீல்ஸ் பார்த்து ஒருவர் விலை கேட்டால் வாட்ஸ்அப்புக்கு அழைத்துவாருங்கள், அன்றைக்கே நோட்டில் ஏற்றுங்கள்.

ஓஎன்டிசி பற்றியும் கேட்டிருந்தார்கள். அரசு முன்னின்று தொடங்கிய திறந்த வலையமைப்பு. 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனை ஆரம்பித்தபோது தமிழ்நாட்டிலிருந்து கோவையைச் சேர்த்தார்கள். ஒரு செயலியில் கடை, இன்னொரு செயலியில் வாடிக்கையாளர் என்றாலும் வியாபாரம் நடக்கும் என்பது யோசனை. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதிலும் உங்கள் சார்பில் சரக்கை ஏற்றிக் கொடுக்க ஒரு நிறுவனம் இடையில் இருக்கும், அதற்கும் கூலி உண்டு. கேட்டலாக்கும் பில்லும் ஒழுங்கானபிறகு இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

தபால் பற்றி: அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணம் மாறியிருக்கிறது, உங்கள் விலைப் பட்டியலில் பழைய கட்டணம் இருந்தால் திருத்துங்கள். ஓடிபி சொன்னால்தான் பார்சலைக் கொடுக்கிற வசதியும் வந்திருக்கிறது. கூரியர் போகாத கிராமத்துக்கெல்லாம் போகிறது என்பதால் பாதிப் பார்சல்களை நான் தபாலில்தான் போடுகிறேன். உசிலம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் தபால்காரரே பெயர் வெட்டிய குடத்தைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார்.

அக்டோபர் 26

தீபாவளி முடிந்தது, உடம்பு வலி இன்னும் முடியவில்லை.

தம்பியின் கணக்கு வந்திருக்கிறது. பில் புத்தகத்து நம்பர்களில் பாதி இப்போது உபயோகத்தில் இல்லை. மீதியில் பதில் எழுதியவர்கள் பலர் சேலை எடுத்திருக்கிறார்கள், சிலர் இரண்டு, மூன்று. கட்டுச் சுங்குடி எல்லாம் தீர்ந்துவிட்டது, கட்டிக்கொடுக்கிற பெண்களிடம் சரக்குக் கேட்டால் பொங்கலுக்கு முன் முடியாது என்கிறார்களாம். அச்சுச் சேலை எதிர்பார்த்த அளவு போகவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

இப்போது அத்தான் புதிதாக ஒன்று பிடித்திருக்கிறார். மாதக் கட்டணத்துக்குப் பத்தாயிரம் பேரைப் பின்தொடர வைக்கிறேன் என்று ஒரு விளம்பர ஆள் வந்திருக்கிறாராம். பொங்கலுக்கு முன் சேலையே கிடைக்காது என்கிறபோது பத்தாயிரம் பேர் வந்து எதை வாங்குவார்கள்? அந்தப் பணத்தைக் கட்டுகிற பெண்களுக்கு முன்பணமாகக் கொடுங்கள். எத்தனை சேலை, என்ன நிறம் என்று எழுதி, தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை ‘தைக்குள் வருகிறது, பெயர் சொல்லி வையுங்கள்’ என்று இப்போதே வாட்ஸ்அப்பில் போடலாம். முன்பதிவுக்குப் பாதிப் பணம் கேட்பதா, முழுவதுமா என்று தம்பி கேட்டிருக்கிறார். பழைய வாடிக்கையிடம் கேட்கவே வேண்டாம், புதியவரிடம் பாதி. சேலை தாமதமானால் திருப்பிக் கொடுக்கிற தேதியையும் அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.